தெறிக்காத தண்ணீர்

தொண்ணூறுகளின் தொடக்கத்தில், அம்பத்தூரில் நான் சோதனைப் பிரிவில் இருந்த தொழிற்சாலை ஒரு வெள்ள மீட்புப் படகைச் செய்தது. அயனம்பாக்கம் ஏரியில் இறக்கினோம். கொஞ்ச தூரம் போனதும், அடியில் அதைத் தள்ளும் சுழல்விசிறியில் ஆகாயத்தாமரை சுற்றிக்கொண்டது. கயிறு கட்டிக் கரைக்கு இழுத்தார்கள். மீட்புப் படகை மீட்பதற்கு விதிமுறை இல்லாததால் அறிக்கையில் அதை நான் குறிப்பிடவில்லை.

வடிவமைப்புப் பிரிவில் இருந்த பெண் பொறியாளர் விசிறியையே எடுத்துவிட்டார். கோயம்புத்தூர்க்காரர், பம்புசெட்டுச் சத்தத்தில் வளர்ந்தவர். படகுக்குள் ஒரு பம்பு. அது அடியிலிருந்து சல்லடை வழியாகத் தண்ணீரை உறிஞ்சிப் பின்னால் தள்ளும். படகு முன்னால் போகும். தண்ணீரில் தத்தளிப்பவரின் காலை வெட்ட வெளியே எதுவும் சுழலாது. சுத்தமான ஆழ்நீரில் விசிறிக்குத்தான் டீசல் குறைவு என்பதையும் அவரே சொல்லிவிட்டார். இந்த நேர்மை எங்கள் கூட்டங்களில் வழக்கமில்லை.

பொது மேலாளர் ஒரு காலைப்பொழுதை ஒதுக்கினார். அவர் கையெழுத்துப் போடாவிட்டால் படகு பழைய இரும்புக்குப் போகும். பொறியாளர் மறுபடி போல்ட்டுகள் வரையப் போவார். சோதனை முறையை நான் எழுதினேன்: இரு கரைகளிலும் நட்ட கொடிகளுக்கு இடையே ஆகும் நேரம், செலவாகும் டீசல். கண்ணுக்கு எப்படி இருந்தது என்பதற்கு இடம் வைக்கவில்லை. மேலாளர்கள் அதைக் கேட்காமலே நிரப்புவார்கள்.

ஏதோ வெளிநாட்டுப் படத்தில் படகின் பின்னால் தண்ணீர் பீறிட்டதைப் பார்த்திருந்த பொது மேலாளர், பம்புத் தண்ணீர் வெளியேறும் இடத்தில் குறுகிய வாயுள்ள குழாயைத்தான் முதலில் மாட்டச் சொன்னார். தண்ணீர் தென்னை உயரம் எழும்பியது. மேலாளர் கைதட்டினார். படகு நகர்ந்தது என்றுதான் சொல்ல வேண்டும்.

திரும்பி வந்த படகு ஓட்டுநர் என்னிடம் சொன்னார்: "சவுண்டு ஏரோப்ளேன் கணக்கா கீது நைனா. ஸ்பீடு மாட்டு வண்டிதான்."

பொறியாளர் அகன்ற வாயுள்ள குழாயை மாட்டினார். அதே பம்பு, அதே இயந்திரம். இம்முறை எதுவும் பீறிடவில்லை. பின்னால் தண்ணீர் லேசாகப் புரண்டது, அவ்வளவுதான்.

"இன்னும் ஸ்டார்ட்டே பண்ணலையாம்மா?" என்றார் மேலாளர், படகு நின்றிருந்த இடத்தைப் பார்த்தபடி.

"எதிர்க்கரைக் கொடியைத் தாண்டிருச்சுங்க சார்."

அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு பார்த்தார். "தண்ணியே தெறிக்கலையே?"

"தெறிக்கிறதெல்லாம் நாம வீணாக்குற டீசலுங்க சார். கொஞ்சம் தண்ணிய வேகமாத் தள்றதுக்குப் பதிலா, நெறைய தண்ணிய மெதுவாத் தள்ளுனாப் போதுங்க. படகு போன பின்னால ஏரி எவ்வளவுக்கு அமைதியாக் கெடக்குதோ, அவ்வளவுக்கு லாபமுங்க."

நான் படித்த பொறியியல் நூல்கள் இதையே இரண்டு பக்கச் சமன்பாடுகளில் சொல்லியிருந்தன. எனக்கு அன்றைக்குத்தான் புரிந்தது.

மேலாளருக்கு மனம் ஆறவில்லை. "சரிம்மா. தொடக்க விழா அன்னிக்கு மட்டும் அந்தச் சின்னக் குழாயை மாட்டிடலாமா? போட்டோவுக்கு."

"போட்டோவுக்குத் தீயணைப்பு வண்டியக் கூப்பிட்டுக்கலாமுங்க சார். படகு படகாவே இருக்கட்டுங்க."

ஓட்டுநர் திரும்பி நின்று இருமினார். மேலாளர் ஏரியைப் பார்த்தார். படகு வந்துபோன தடத்தில் நீர்க்கோழி ஒன்று, எதுவும் நடக்காததுபோல் நீந்திக்கொண்டிருந்தது. அவர் என் பக்கம் கையை நீட்டினார். பேனாவின் மூடியைக் கழற்றியே கொடுத்தேன். அதற்கும் விதிமுறை கிடையாது.