அரசருக்குப் பின்னால் நின்றவர்

பாரிசில் தமிழ்க் கடைகள் நிறைந்த லாச்சப்பலில் தவரத்தினத்தைத் தெரியாதவர்கள் இல்லை. சுன்னாகத்தில் சைக்கிள் கடை வைத்திருந்தவர். எண்பத்து மூன்று கலவரத்துக்குப் பிறகு பாரிசுக்கு வந்து, தில்லையம்பலத்தின் பலசரக்குக் கடையில் மீன் வெட்டியும் மூட்டை தூக்கியும் காலம் தள்ளினார். "மார்க்ஸ் டோர்மோய் தெருவிலை ரெண்டாவது கடை திறந்தால் நீர்தான் பங்காளி" என்று முதலாளி சொல்லியிருந்தார். அந்த ஒரு வார்த்தைக்காக மனிதர் மாடாய் உழைத்தார். ஊரிலிருந்த மனைவி கோசலைக்கும் எழுதிவிட்டார். அவள் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருப்பாளா? ஒழுங்கை முழுக்க வீடு வீடாகச் சொல்லி முடித்தாள்.

தில்லையம்பலத்துக்கோ திடீரென்று எகிப்துப் பைத்தியம் பிடித்தது. மேல் எகிப்தையும் கீழ் எகிப்தையும் ஒன்றாக்கிய முதல் அரசன் நார்மர் என்று ஏதோ பிரெஞ்சுப் புத்தகத்தில் பார்த்தாராம். இரண்டு கடை வைக்கப்போகிற தானும் அந்த வகையறாதான் என்று முடிவுகட்டிவிட்டார். மீன் வாங்க வருகிறவர்களை மறித்து வைத்து ராசா கதை அளப்பார். நேற்றுவரை வெங்காயம் நிறுத்தவருக்கு இன்று இரட்டை மணிமுடி! கேட்கிறவர்களுக்குத்தான் கூசியது.

இரண்டாவது கடை திறந்தது தைமாதக் குளிரில். பூசைக்காக எல்லோரும் வாசலில் சப்பாத்தைக் கழற்றினார்கள். முதலாளியின் சப்பாத்தை யாராவது மாறிப் போட்டுக்கொண்டு போய்விடுவார்கள் என்று, வழக்கம்போல் தவரத்தினமே கையில் எடுத்துக்கொண்டு உள்ளே போனார். அந்த நேரம் பார்த்துக் கடையின் புதுவருடக் கலண்டரை விரித்தார்கள்.

ஒவ்வொரு வருடமும் முருகன் நிற்கிற இடத்தில் தில்லையம்பலம் நின்றார். அரச வேடம், ஓங்கிய கதாயுதம். நார்மர் காலத்துக் கல்லொன்றின் இரண்டு பக்கப் படங்களையும் சேர்த்து யாரையோ கொண்டு வரைவித்திருந்தார். கீழே தலையில்லாத பிணங்கள் வரிசையாய்க் கிடந்தன. அரசனுக்குப் பின்னால், அவன் இடுப்பளவு உயரத்தில், செருப்புத் தூக்கும் வேலைக்காரன். அவனுக்குத் தவரத்தினத்தின் முகம்.

சனம் படத்தைப் பார்த்தது. பிறகு அவர் கையிலிருந்த சப்பாத்தைப் பார்த்தது. சிரிப்பை அடக்க யாரும் மெனக்கெடவில்லை.

"சீ! என்னண்ணை இது?" என்றார் தவரத்தினம். "ஊருக்கும் அனுப்புவியள். கோசலை இதைச் சுவரிலை கொழுவவோ? பங்காளி எண்டெல்லோ சொன்னனீங்கள்?"

தில்லையம்பலம் அவர் தோளில் கை போட்டார். "வடிவாப் பாரும் தவம். கீழை கிடக்கிறவங்கள் ஒருத்தனுக்கும் தலை இல்லை. உமக்கு இருக்கு. ராசாவுக்குக் கிட்ட நிக்கிறது ஆர்? நீர்தானே!"

அதைக் கேட்டதும் ஒரு கணம் தவரத்தினத்துக்கு உண்மையிலேயே பெருமையாக இருந்தது. அந்தப் பெருமையை உணர்ந்த பிறகுதான் தன் கையிலிருந்த சப்பாத்தைக் குனிந்து பார்த்தார். முதலாளியை நினைத்து வந்த அருவருப்பையாவது விழுங்கியிருப்பார். தன்னை நினைத்து வந்ததை விழுங்க முடியவில்லை.

"பிடியுங்கோ, உங்கடை சப்பாத்து" என்று தில்லையம்பலத்தின் கையில் திணித்துவிட்டு வெளியே நடந்தார்.

பாரிசுக்கு வெளியே பொபினியில் ஒரு சாப்பாட்டுக் கடையில் கோப்பை கழுவப் போனார். தான் ஒருநாளும் பங்காளியாக இருந்ததில்லை என்று கோசலைக்கு எழுதத்தான் வெகுகாலம் பிடித்தது.