படையலுக்கு வந்த பிரபுக்கள்

பேய், ஆவி என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். இன்றைக்கும் அப்படித்தான். ஆனால் அந்தத் தீபாவளிக்கு முதல் நாள் தோட்டத்து ஆட்களுக்கான வரிசை வீடுகளில், எங்கள் லயத்துக் காம்பராவில் நடந்ததை நானே காதால் கேட்டேன், கண்ணால் பார்த்தேன். நம்பினால் நம்புங்கள், இல்லாவிட்டால் உங்கள் இஷ்டம், என் வயிற்றெரிச்சல் தீர ஒருமுறை சொல்லியாக வேண்டும்.

டிக்கோயாவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில், வெள்ளைக்காரத் துரை பங்களாவில் எனக்குச் சமையலும் மேசை வேலையும். சாப்பாட்டு அறைச் சுவரில் துரையின் வம்சத்தை மரம் மாதிரி வரைந்து கண்ணாடி போட்டு மாட்டியிருந்தார்கள். அடியில் கவசம் போட்ட ஹியூ என்று ஒரு பிரபு. எழுநூறு வருஷத்துக்கு முன்னால் ஏதோ ராஜாவுக்காகச் சண்டை போட்டு நிலம் வாங்கினவராம். அவரிலிருந்து கிளை கிளையாகப் பிள்ளைகள், பேரன்கள். விருந்தாளிகள் வந்தால் துரை என்னைக் கூப்பிட்டு அந்தப் பெயர்களைச் சொல்லச் சொல்வார். ஹியூ மகன் ரொஜர், ரொஜர் மகன் வால்டர், வால்டர் மகன் கில்பர்ட் என்று நான் கிளிப்பிள்ளை மாதிரி ஒப்பிக்க, அவர்கள் மேசையைத் தட்டிச் சிரிப்பார்கள்.

அந்த வருஷம் நாங்கள் பிரஜாவுரிமைக்கு மனு போட்டிருந்தோம். விசாரித்த அதிகாரி, "உன் அப்பன் இந்த நாட்டில் பிறந்ததற்கு என்ன அத்தாட்சி?" என்று கேட்டார். அப்பா பிறந்தது இதே லயத்தில், தோட்டத்துக்கே தெரியும், ஆனால் பதிந்து வைத்தவர் யாருமில்லை. அத்தாட்சி இல்லாவிட்டால் நான், என் சம்சாரம், பிள்ளைகள் எல்லோரும் நான் பார்த்தே இராத இந்தியாவுக்குக் கப்பலேற வேண்டியதுதான். அப்பாவும் அதே பங்களாவில் சாகிற வரைக்கும் உழைத்தவர். அந்தத் தைரியத்தில், ஒரு வார்த்தை எழுதித் தரும்படி துரையிடம் கேட்டேன்.

"ஒன் அப்பன் எங்க பொறந்தான், எனக்கு எப்படித் தெரியும்?" என்றார். அன்று சாயங்காலமே விருந்தாளிகளுக்கு முன்னால், "வேலு, பேர் சொல்லு" என்றார். சொன்னேன். உடம்பெல்லாம் பற்றி எரிந்தது.

மறுநாள் படையல். செத்தவர்களுக்கு இலை போட்டு, சோறும் கோழிக்கறியும் சாராயமும் சுருட்டும் வைத்து, வீட்டுக்கு மூத்தவன் ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி அழைக்க வேண்டும். பிறகு கதவைச் சாத்திவிட்டு எல்லோரும் வெளியே நிற்போம், அவர்கள் வந்து சாப்பிட்டுப் போவார்கள் என்று. அப்பா மாரிமுத்துவை அழைத்தேன், பாட்டன் காத்தானை அழைத்தேன். அதற்கு மேல் எனக்குப் பெயர் தெரியாது. மற்ற வருஷமென்றால் 'பேரு தெரியாத பெரியவங்களே' என்று மூன்றாவது இலையைக் காட்டி முடித்திருப்பேன். அன்றைக்கு இருந்த கோபத்தில், "எங்காளுங்க பேருதான் யாருக்கும் தெரியாதே! தெரிஞ்ச பேரச் சொல்றேன், வாங்கடா!" என்று ஹியூவில் தொடங்கி அத்தனை பிரபுக்களையும் கத்தி அழைத்தேன்.

"என்னங்க இது, படையல்ல போயி வெள்ளக்காரன் பேரச் சொல்றீங்க!" என்று என் சம்சாரம் ராக்கு வாயில் அடித்துக்கொண்டாள். கதவைச் சாத்தினோம்.

கொஞ்ச நேரத்தில் உள்ளே இரும்பு உரசியது. கனமாக எதையோ மாட்டிக்கொண்டு ஆட்கள் உட்காருகிற சத்தம், ஒருவர் இருவர் அல்ல. பேச்சும் கேட்டது. துரைமார் இங்கிலீஷ் எனக்குக் காதில் ஊறிப்போனது, இது அந்தப் பேச்சே இல்லை, ஏதோ பழங்காலத்துப் பேச்சு. ராக்கு என் கையைப் பிடித்து, "உள்ள யாருங்க?" என்றாள். பிறகு இலை தரையில் இழுபட்டது.

திறந்தேன். ஆளில்லை, குதிரை வாடை மட்டும் மூக்கில் அடித்தது. மூன்றாவது இலையில் சோறு சிதறி, எலும்பைக் கடித்துத் துப்பியிருந்தது. அப்பா இலையும் பாட்டன் இலையும் அங்கே இல்லை. பின்னால் அடுப்படியில், விறகுக் கட்டுக்குப் பக்கத்தில் கிடந்தன. பங்களாவிலும் வேலைக்காரர்கள் சாப்பிடுவது அடுப்படியில் விறகுக்குப் பக்கத்தில்தான், அப்பா காலமெல்லாம் அப்படித்தான் சாப்பிட்டார். இரண்டிலும் ஒரு பருக்கை இல்லை, சாப்பிட்டு ஒழுங்காக மடித்திருந்தது. நாய் வந்திருக்கும் என்பீர்கள். நாய் இலையை மடிக்குமா ஐயா?

மனுவைத் தள்ளிவிட்டார்கள், கப்பலேற எங்கள் முறை இன்னும் வரவில்லை. இப்போது கந்தப்பளையில் வேறு தோட்டம், வேறு லயம். அந்தப் பெயர்களை நான் வாயால் சொல்வதில்லை. ஆனாலும் வருஷா வருஷம், நடுவீட்டில் போட்ட இலைகள் கதவைத் திறந்தால் அடுப்படியில்தான் கிடக்கின்றன. செத்த பிறகுமா என் அப்பன் பின்பக்கம் உட்கார வேண்டும்? போன தீபாவளிக்கு ஆத்திரம் தாங்காமல் நடுவீட்டிலிருந்து அடுப்படிக்குப் போகிற கதவை ஆணி அடித்து மூடினேன்.

இலைகள் வீட்டுக்குப் பின்னால், கொட்டுகிற மழையில் கிடந்தன. மடித்துத்தான் இருந்தன.