சுவரில் கிடக்கும் செருப்புகள்

எனக்கு எழுபத்தாறு வயது. பெற்றது நாலு, நாத்தனார் விட்டுப்போன பெண்ணையும் சேர்த்து வளர்த்தது ஐந்து. ஷூ கம்பெனியில் பசை தடவிய சம்பளத்தில்தான் ஐந்து பேரையும் படிக்க வைத்தேன். யார் வாசலிலும் போய் நின்றதில்லை. இப்போது ஆம்பூரில் இந்த வீட்டில் நான் மட்டும்.

என் மதில் முகாமுக்குப் போகும் சாலையைப் பார்த்தது. இலங்கையிலிருந்து வந்தவர்களின் முகாம் அது. அங்குள்ள பிள்ளைகளும் எங்கள் தெருப் பிள்ளைகளும் சேர்ந்து படம் வரைய ஒரு சுவர் வேண்டும் என்று பள்ளிக்கூட டீச்சர் வந்து கேட்டார். கட்சிக்காரர்கள் கேட்டும் தராத சுவர். பிள்ளைகளுக்கு என்றதும் தந்தேன்.

ஞாயிறுதோறும் ஆராதனை முடிந்து நான் திரும்புவதற்குள் வந்துவிடுவார்கள். முதல் வாரம் இரண்டு கும்பலாகத்தான் உட்கார்ந்தார்கள். பச்சை பெயின்ட் டப்பா ஒன்றுதான் இருந்தது, அதற்காகக் கலந்தார்கள். தண்ணீர் கேட்டு மாற்றி மாற்றி உள்ளே ஓடி வருவார்கள். பரண்மேல் கிடந்த பெரிய குண்டானை இறக்கி டீ போட்டேன்.

எங்கள் தெருவையே வரைந்தார்கள். என் வீட்டை வரைந்தது அதிகம் பேசாத ஒரு முகாம் பெண். வாசலில் செருப்பாக வரைந்துகொண்டே போனாள். சிறிசு, பெரிசு, வார் அறுந்தது.

எதிர்வீட்டு அம்மாள் குடத்தோடு நின்றுவிட்டாள். "ஏ பொண்ணு, இன்னா வேல இது? ஆயா உசுரோட நின்னுக்கினு இருக்கு, சாவு ஊடு மாரி இம்மாஞ் செருப்பு போட்டு வச்சிருக்கே!"

பிள்ளைகள் சிரித்தார்கள். டீச்சர் அவசரமாக வெள்ளை பெயின்ட்டைத் திறந்தார்.

"முகாம்ல எங்கட லைன்ல எல்லா வீட்டு வாசல்லயும் இப்பிடித்தான் கிடக்கும்," என்றாள் அந்தப் பெண், தலை தூக்காமல். "ஆச்சி வீட்டில எப்பவும் ஒரு சோடிதான். அதான்..."

தனியாக இருக்கிறேன் என்று என் பிள்ளைகளிடம்கூட நான் வாய் திறந்ததில்லை. இவள் என் வாசலைப் பார்த்தே தெரிந்துவைத்திருந்தாள்.

"டப்பாவ மூடுங்க டீச்சரம்மா," என்றேன். "ஒண்ணும் அழிக்க வாணாம். என் சாவுக்கு இவ்ளோ பேரு வந்தா ஜாஸ்திதான்."

எதிர்வீட்டு அம்மாளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. அந்தப் பெண் மட்டும் சிரிக்கவில்லை. ஓரத்தில் சின்னதாக இன்னொரு சோடி வரைந்தாள். "இது என்ர," என்றாள்.

சுவர் முடிந்துபோயிற்று. பிள்ளைகள் இப்போது வேறு தெருவில் வரைகிறார்கள். ஞாயிற்றுக்கிழமை திரும்பும்போது முதலில் மதிலைப் பார்க்கிறேன், பிறகு வாசலை. குண்டானை இன்னும் பரணில் ஏற்றவில்லை.

லீவுக்கு வந்த பேத்தி இப்போதுதான் ஆட்டோவிலிருந்து இறங்கினாள். கழற்றிய செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு உள்ளே வருகிறாள்.

"அத ஏன் உள்ள ரேக்குல வைக்கப் போற? வாசல்லயே போடு, கண்ணு. போட்டுட்டு வந்து குந்து. இந்த நோட்டுல ஆயா எழுதினத மெதுவா படிச்சுக் காட்டு."