திங்கட்கிழமை நுகத்தடி

வாசல் கதவின் அகலத்தைச் சாட்டைக்கோலால் அளந்துகொண்டிருக்கிறார் கருப்புசாமி. அது போதாமல் கையை நீட்டி முழம் போட்டும் பார்க்கிறார். அவர் ஏற்றிப் போக வேண்டிய இயந்திரம் உள்ளே சாக்கைப் போர்த்திக்கொண்டு நிற்கிறது. அதன் பக்கம் அவர் திரும்பக்கூட இல்லை. சொந்தக்காரர் பொறுமை இழந்து, "மெஷினைப் பார்க்க வேண்டாமா?" என்று கேட்டால், "அது எங்கீங்க போயிரும்? நிக்கட்டுமுங்க. மொதல்ல தடத்தப் பாக்கோணும்" என்கிறார். பிறகு தெருவில் இறங்கி நடக்கத் தொடங்கிவிடுகிறார். இயந்திரம் போய்ச் சேர வேண்டிய இடம் வரை நடந்து, மதகு, மேடு, தாழ்ந்து தொங்கும் புளியங்கிளை எல்லாவற்றையும் பார்த்துவிட்டு வந்த பிறகுதான் சாக்கை நீக்குகிறார்.

மைசூர் மண்டி மொஹல்லாவில் வண்டிக்காரர்கள் பலர். ஆனால் மரம் ஏற்றுகிற தாழ்ந்த வண்டி கருப்புசாமியிடம் மட்டும்தான் இருக்கிறது. ஹனூர்க் காடுகளில் மரம் இழுத்துக்கொண்டிருந்தவர், எல்லை தாண்டி இந்தச் சமஸ்தானத்துக்கு வரும்போது வண்டியையும் ஓட்டிக்கொண்டு வந்துவிட்டார். இந்த யுத்த காலத்தில் பெட்ரோலுக்கு ரேஷன் சீட்டு. கரி வாயுவில் ஓடுகிற லாரிகளோ மேட்டைக் கண்டால் இருமிக்கொண்டு நின்றுவிடுகின்றன. அப்படியும் அந்த லாரிக்காரர்கள் கேட்கிற வாடகை இருக்கிறதே, அதைக் கேட்டாலே நமக்கும் இருமல் வந்துவிடும். ஆகவே அச்சு யந்திரமோ எண்ணெய்ச் செக்கோ பாய்லரோ வைத்துக்கொண்டு கையில் காசில்லாமல் தவிக்கிறவர்கள் எல்லாரும் கடைசியில் கருப்புசாமியைத் தேடி வருகிறார்கள்.

தேடி வருகிறவர்கள் ஆளைப் பார்த்ததும் சற்றுச் சந்தேகப்படுவதும் உண்டு. ஒடிசலான தேகம், ஒரு பக்கம் சாய்ந்த நடை, எப்போதும் எதையோ மறந்துவிட்டவர் போன்ற முகம். இயந்திரத்தின் எடையை அவர் கேட்பதில்லை. "தலை எந்தப் பக்கமுங்க?" என்று மட்டும் கேட்பார். எந்தப் பக்கம் கனம் அதிகம் என்று அர்த்தம். தெரிந்துகொண்ட பிறகு தலைத்துண்டை அவிழ்த்து அந்தப் பக்கத்தில் போட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா நிற்பார். பிரார்த்தனையா என்று ஒருமுறை கேட்டேன். "இல்லீங்க. வேத்தாளு வந்துருக்கறமல்லங்க. அவியளுக்குந் தெரியோணுமல்ல" என்றார். இரும்பை 'அவிய' என்று மரியாதையாகச் சொல்லுகிற மனிதரை நான் வேறு எங்கும் பார்த்ததில்லை.

அவருடைய எருதுகள் செவலை ஒன்று, மயிலை ஒன்று. மண்டியில் எல்லாரோடும் கன்னடத்தில் பேசுகிறவர், இவற்றிடம் மட்டும் தமிழில்தான் பேசுவார். அவற்றுக்குக் கன்னடம் வராது என்று அவருக்கு ஓர் எண்ணம். சாட்டைக்கோல் வாசல் அளக்கத்தான் பயன்படுகிறது, மாட்டின் மேல் விழுந்து நான் கண்டதில்லை.

திங்கட்கிழமை மட்டும் அவரிடம் எந்தப் பேச்சும் எடுபடாது. அன்று பசவனுக்கு, எருதுச் சாமிக்கு, உரிய நாள் என்று இந்தச் சீமையில் பலர் எருதை நுகத்தில் பூட்டுவதில்லை. மாதேசுவரன் மலைப்பக்கத்திலிருந்து வந்த கருப்புசாமிக்கும் அந்த வழக்கம் ரத்தத்தில் ஊறியது. காலையில் மாடுகளைக் காரஞ்சி ஏரிக்கு அனுப்பிக் குளிப்பாட்டச் சொல்வார். சாயங்காலம் நுகம் அழுத்திக் காய்த்துப்போன கழுத்தில் நல்லெண்ணெய் தேய்ப்பார். "வாரம் பூராவும் என்ற பேச்ச அது கேக்குதுங்க. ஒரு நாளு அதும்பட பேச்ச நாங் கேக்கறனுங்க" என்பது அவர் சொல்லுகிற நியாயம்.

இந்த நியாயம் என் அண்டை வீட்டுச் சாம்புவுக்குத் தெரியாது. அவர் பரம்பரை ரயில்வேக் குடும்பம். தகப்பனார் கார்டு, இவர் ரயில்வேப் பட்டறையில் கடைசல் வேலை. மூச்சிரைப்பு நோயினால் வேலையை விட்டு நின்றவர், மூடிப்போன ஓர் எண்ணெய் ஆலையிலிருந்து பழைய லேத் ஒன்றை வாங்கினார். கடைசல் இயந்திரம். அதை இட்டிகெகூடில் ஒரு தகரக் கொட்டகையில் நிறுத்திவிட்டால் போதும், உட்கார்ந்தபடியே இரும்பு கடைந்து குடும்பத்தைக் காப்பாற்றிவிடலாம் என்று கணக்குப் போட்டார். மனைவி லலிதாம்பாளின் வளையல்கள் அந்த லேத்துக்குள் போய்விட்டன. ஏற்றுகூலிக்கு மிஞ்சியது கொஞ்சம்தான்.

ஆலை இருந்த இடத்தை வேறொருவர் வாங்கியிருந்தார். திங்கட்கிழமை பொழுது சாய்வதற்குள் லேத்தை வெளியே எடுத்துவிட வேண்டும், அதற்கப்புறம் உள்ளே கிடக்கிற இரும்பெல்லாம் பழைய இரும்பு வியாபாரியைச் சேரும் என்று நிபந்தனை. யுத்தத்தில் இரும்புக்கு இருக்கிற கிராக்கியில் அவன் லேத்தை உடைத்து உருக்க அனுப்பிவிடுவான். அதற்கு முந்தி கதவு திறக்கிறதே அந்தத் திங்கட்கிழமை ஒரு நாள்தான். சாம்பு சந்தோஷமாக ஒப்புக்கொண்டு கையெழுத்தும் போட்டுவிட்டு வந்தார். எஞ்சினுக்குத் திங்கள் செவ்வாய் ஏது? ஓடுகிற எதற்குமே கிடையாது என்றுதான் அவர் பிறந்ததிலிருந்து பார்த்துக்கொண்டு வந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அவரும் நானும் கருப்புசாமியின் கொட்டிலுக்குப் போனோம். வழியெல்லாம் ஏற்கெனவே நடந்து பார்த்து வைத்திருந்த கருப்புசாமி, நாளைக்கு என்று கேட்டதும் குந்தியவர் குந்தியபடியே இருந்தார்.

"சோமவாரமுங்களே சாமி."

"கருப்புசாமி, என் பொழைப்பே அதுலதான் இருக்கு. முடியாதுன்னு மட்டும் சொல்லிடாதே."

நான் குறுக்கிட்டேன். திங்கட்கிழமை பார்க்காத வண்டிக்காரர்கள் இல்லையா என்று கேட்டேன். இருக்கிறார்கள், ஆனால் அவர்கள் எல்லாரும் சர்க்கார் நெல் ஏற்றுவதற்குப் போயிருக்கிறார்கள், போகாவிட்டாலும் அவர்கள் வண்டி இந்தக் கனத்துக்கு உடைந்துவிடும் என்று தெரிந்தது. எனக்குக் கோபம் வந்தது. ஒரு குடும்பம் தெருவில் நிற்கப் போகிறது, இந்த மனிதர் மாட்டுக்கு நாள் பார்க்கிறாரே என்று நினைத்தேன். சாம்பு தூணைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். கருப்புசாமி அவரைப் பார்த்தார்.

"வண்டி வருமுங்க சாமி," என்றார் கடைசியில். "மாடுதான் வராது."

எங்களுக்கு அது விளங்கவில்லை. மறுநாள் காலையில் மண்டி வண்டிப்பேட்டைக்குப் போனபோது விளங்கியது. வண்டிக்காரர்களின் வீட்டுப் பெண்கள் எருதுகளை ஏரிக்கு ஓட்டிக்கொண்டு போயிருந்தார்கள். கருப்புசாமியின் மனைவி சாமியாத்தாளும் செவலையையும் மயிலையையும் கொண்டுபோயிருந்தாள். வேலை இல்லாத ஆண்கள் பீடி பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் நடுவில் நின்று, ஆலை லேத்தை நாமே இழுத்துக்கொண்டு போகலாம் என்று கருப்புசாமி சொல்லிக்கொண்டிருந்தார்.

மல்லப்பன் என்கிற கன்னடத்து வண்டிக்காரர் சிரித்துவிட்டார். என்னைப் பார்த்துத் தமக்குத் தெரிந்த தமிழில், "நோடி ஸ்வாமி, எருதுக்கு ரஜா குடுத்துட்டு இவன் நம்மள எருது ஆகச் சொல்றான்!" என்றார். எல்லாரும் சிரித்தார்கள்.  கருப்புசாமி தலைத்துண்டைச் சுருட்டித் தோளில் வைத்து, நுகத்தடியின் ஒரு பக்கத்தைத் தூக்கி அதன்மேல் சாய்த்துக்கொண்டு காலி வண்டியை இழுக்கத் தொடங்கினார். இரண்டு மாடு பூட்டுகிற நுகத்தை ஒரு பக்கம் மட்டும் ஒருவர் இழுத்தால் வண்டி நேராகப் போகாது. கோணிக்கொண்டு போய்ச் சாக்கடை ஓரத்தில் இடித்தது. திருப்பி எடுத்தார், மறுபடியும் இடித்தது. சிரிப்பு அடங்கிவிட்டது. மல்லப்பன் பீடியைக் கீழே போட்டு மிதித்துவிட்டு எழுந்துபோய், ஏதோ கன்னடத்தில் வைதுகொண்டே நுகத்தின் மறுபக்கத்தில் தோளைக் கொடுத்தார். மற்றவர்கள் கயிறுகளை எடுத்துக்கொண்டார்கள்.

ஆலையில் கடப்பாரையும் உருளைக் கட்டையும் வைத்து லேத்தை வண்டியில் ஏற்றவே உச்சிப்பொழுது ஆகிவிட்டது. கதவைத் தாண்டி வெளியே வந்ததும் பாதிக் கவலை தீர்ந்தது என்று நான் எண்ணினேன். சமதரையில் வண்டி மெல்ல நகர்ந்தது. அத்தனை ஆண்கள் வியர்வை ஒழுக ஒரு வண்டியை இழுத்துக்கொண்டு போவதைக் கடைக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். யாரும் கேலி பேசவில்லை. சாமி தேர் போகும்போது ஒதுங்குவது போல ஜட்காக்கள் ஒதுங்கி நின்றன.

இட்டிகெகூடுக்குத் திரும்புகிற மேட்டில் வண்டி நின்றுவிட்டது. கயிறு விறைத்துக்கொண்டு நின்றது, சக்கரம் அசையவில்லை. பிறகு அசைந்தது, பின்பக்கமாக. யாரோ கத்தினார்கள். மல்லப்பன் நுகத்தை விட்டுவிட்டு ஓடி, கட்டையைச் சக்கரத்துக்குக் கீழே உதைத்துத் தள்ளினார். அந்த ஒரு கணம் முழுப் பாரமும் தன் பக்கம் வந்தபோதும் கருப்புசாமி நுகத்தை விடவில்லை. கால் சறுக்கி முழங்காலில் விழுந்தவர், விழுந்தபடியே தாங்கிக்கொண்டிருந்தார். லேத் ஒரு பக்கம் சாய்ந்து, கயிற்றில் முனகிவிட்டு நின்றது.

அப்போதுதான் அந்த வழியாக ஏரியிலிருந்து மாடுகள் திரும்பி வந்தன. குளித்து, நெற்றியில் குங்குமம் வைத்துக்கொண்டு, வயிறு நிறைய மேய்ந்துவிட்டு வந்துகொண்டிருந்தன. முன்னால் சாமியாத்தாள். நுகத்தில் இருப்பது யார் என்று பார்த்ததும் அவள் நின்றாள், செவலையும் நின்றது.

சாம்பு வண்டியின் முன்னால் வந்து நின்றார். "கருப்புசாமி, இந்த ஒரு மேடு. ஒரே ஒரு மேடு. பூட்டிடு. பகவான் கண்ணை மூடிப்பார்."

எல்லாரும் கருப்புசாமியைப் பார்த்தார்கள். பூட்டட்டும் என்றுதான் நானும் நினைத்தேன். வளையல்களை விற்று வாங்கிய லேத்தை விட ஒரு திங்கட்கிழமை பெரிதா என்று தோன்றியது. கருப்புசாமி முழங்காலை ஊன்றி மெல்ல எழுந்தார். செவலையைப் பார்த்தார்.

"பகவான் மூடிக்குவாருங்க சாமி. இது என்னையப் பாத்துட்டு நிக்குதுங்களே."

 சாம்பு மேல்துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு போய்ச் சக்கரத்தின் ஆரக்காலைப் பிடித்தார். "நீங்க வேண்டாமுங்க, மூச்சு வாங்குமுங்க" என்று கருப்புசாமி சொன்னதைக் கேட்கவில்லை. நான் மறு சக்கரத்தைப் பிடித்தேன். சாமியாத்தாள் மாடுகளை ஒரு மரத்தில் கட்டிவிட்டு வந்து, சேலையை வரிந்துகொண்டு கயிற்றைப் பிடித்தாள். பின்னால் வந்த மற்றப் பெண்களும் பிடித்தார்கள். மல்லப்பன் நுகத்துக்குத் திரும்பினார். "மாதேசுவரா!" என்று கருப்புசாமி குரல் கொடுத்தார். அந்த மேட்டை நாங்கள் எப்படி ஏறினோம் என்று எனக்கு இப்போதும் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. ஆரக்காலைப் பிடித்த கை மரத்துப்போனதும், சாம்புவின் மூச்சு விசில் மாதிரி கேட்டதும் நினைவில் இருக்கின்றன.

வெயில் தாழும்போது லேத் கொட்டகைக்குள் நின்றது. சாம்பு அதன்மேல் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். லலிதாம்பாள் எல்லாருக்கும் தன் கையாலேயே மோர் கொடுத்தாள். கருப்புசாமிக்குச் செம்பை நிறைத்துக் கொடுத்தாள். அவர் குனிந்து வாங்கிக் குடித்துவிட்டு, "தலைப்பக்கம் ஒரு கல்லு வெச்சு ஏத்திக்கோணுமுங்க அம்மா, தரை எறக்கமா இருக்குது" என்றார். 

அவரைப் பற்றி எழுத வேண்டும் என்று எனக்கு அன்றுதான் தோன்றியது. கயிற்றுச் சுருளில் ஒன்றை நான் சுமந்துகொண்டு அவருடன் மண்டிக்குத் திரும்பினேன். கொட்டிலில் விளக்கு ஏற்றுகிற நேரம். அவர் சட்டையைக் கழற்றியபோது பார்த்தேன். நுகம் அழுத்திய இடத்தில் தோல் உரிந்து, கழுத்து வரை சிவந்து ரத்தம் கசிந்திருந்தது. சாமியாத்தாள் ஒரு சிறு கிண்ணத்தில் நல்லெண்ணெய் கொண்டுவந்தாள். எண்ணெய்க்கு எங்கும் தட்டுப்பாடு. கிண்ணத்தின் அடியில்தான் இருந்தது.

"குந்துங்க, தடவியுடறேன். அதுக இன்னைக்கு என்னத்தச் சொமந்துச்சுங்க? சொமந்தது நீங்கதான?"

"சோமவாரத்து எண்ணெ புள்ளெ. அதுகளுக்கு வெச்சது" என்று கிண்ணத்தை வாங்கிக்கொண்டார்.

மயிலைக்கு முதலில் தேய்த்தார். பிறகு செவலைக்கு. அன்று நுகமே படாத அந்தக் கழுத்துகளில் வழக்கம் போலவே அவசரமில்லாமல் தேய்த்து, கிண்ணத்தை விரலால் வழித்து அதையும் தடவினார். எண்ணெய் தீர்ந்துவிட்டது. சாமியாத்தாள் முகத்தைத் திருப்பிக்கொண்டு உள்ளே போனாள். அவள் போனதும் கருப்புசாமி ஒருமுறை என் பக்கம் பார்த்தார், நான் கயிற்றைச் சுருட்டுகிறவன் போலக் குனிந்துகொண்டேன். அவர் செவலையின் அருகே நகர்ந்து, இன்னும் ஊறாமல் ஈரமாக மின்னிக்கொண்டிருந்த அதன் கழுத்தின்மேல் தன் கழுத்தை மெல்ல வைத்துச் சாய்ந்துகொண்டார். எருது அசையாமல் நின்றது.