என் அப்பா முகமூடி போடவில்லை

ஸ்காட்லாந்து ராணியின் தலை ஒரே வெட்டில் விழவில்லை என்று நான் படித்துச் சொன்னபோது, அப்பா கோடாலி தீட்டுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

“எத்தினி வெட்டு?”

“ரெண்டு வெட்டு வெட்டியும் வுழல. அப்பறம் அறுத்தாங்களாம்.”

“தூ! மொண்ணக் கோடாலியா இருக்கும். இல்லன்னா தொழில் தெரியாத பய.”

வெட்டியவன் தலையைத் தூக்கிக் காட்டியதும் கையில் டோப்பா மட்டும் நின்றது, தலை உருண்டு போனது என்று சொன்னேன். அப்பா விழுந்து விழுந்து சிரித்தார். வெட்டுவதற்கு முன் அவள் எதிரே மண்டியிட்டு மன்னிப்புக் கேட்டான் என்றதும் சிரிப்பு நின்றுவிட்டது. “அது சரி. அது கேக்கணும்” என்றார்.

அப்பா மரம் வெட்டும் கூலி. வடக்கனந்தல் பக்கம் காலனியில் இருந்தோம். நான் தபால் வழியில் பி.ஏ. வரலாறு கடைசி வருஷம். அப்பாவுக்கு எழுத்து தெரியாது. அதனால் பாடத்தைச் சத்தமாகப் படிப்பேன், அவர் கேட்பார், எனக்கும் மனப்பாடம் ஆகும். வரி, பாராளுமன்றம், சர்ச் எல்லாம் அவருக்கு வேண்டாம். தலை வெட்டும் இடம் வந்தால் மட்டும் கிட்டே வந்து உட்கார்ந்துகொள்வார்.

அவருக்கும் ஒரு வழக்கம் உண்டு. கல்வராயன் மலைக்குக் கூப்பு, அதாவது ஏலம் விட்ட காட்டு மரம், வெட்டப் போன காலத்தில் மலைக்காரர்களிடம் பழகியது. வெட்டுமுன் மரத்தில் கை வைத்து, “வயித்துக்கு வெட்டறேன், எம்மேல கோவப்படாத. மேல குடியிருக்கறவங்க எறங்கிப் போயிடுங்க” என்பார். மரம் விழுந்தபின் அதிலிருந்தே ஒரு பச்சைக் கிளையை ஒடித்து அடிக்கட்டையின்மேல் வைப்பார். வைக்காமல் அங்கிருந்து நகரமாட்டார்.

அந்த வருஷம்தான் தனி இட ஒதுக்கீடு கேட்டு சாலை மறியல் நடந்தது. எங்கள் நிலக்காரர் வீட்டுப் பிள்ளைகள் தங்கள் சாதிக்குக் கேட்டார்கள். கேட்டதில் நியாயம் உண்டு என்று இன்றைக்கும் சொல்வேன். கேட்ட விதத்தைத்தான் என்னால் மறக்க முடியவில்லை.

என் கடைசித் தாள் இங்கிலாந்து வரலாறு. கள்ளக்குறிச்சியில், மதியம் இரண்டு மணிக்கு. அதை விட்டால் இன்னும் ஒரு வருஷம் கரும்பு வெட்டப் போகவேண்டியதுதான். அன்று விடிந்தும் விடியாமல் நாலு பேர் வாசலில் வந்து நின்றார்கள். வெள்ளைச் சட்டை, கையில் தடி. முன்னால் நின்றவன் அப்பா வேலை செய்யும் நிலக்காரரின் மகன். என்னைவிட இரண்டு வயது பெரியவன்.

“கோடாலிய எடுத்துக்கினு வாடா. ரோட்டுப் புளியமரத்தச் சாய்க்கணும்.”

“எம்பொண்ணு டவுனுக்குப் பரீட்சைக்குப் போவணுங்க. காலைல பஸ்ஸு போயிடட்டும், அப்பறமா வெட்டறேங்க.”

“எங்களுக்கே சீட்டு இல்லன்னுதாண்டா மறியல். உம்பொண்ணுக்கு இன்னாடா பரீட்ச?”

சொல்லிக்கொண்டே அப்பாவின் கோடாலியைப் பிடுங்கி, காம்பால் காதோரம் அடித்தான். அப்பா சுவரில் மோதி உட்கார்ந்தார். காதிலிருந்து ரத்தம் கழுத்துக்கு வழிந்தது. நான் கத்திக்கொண்டு ஓடினேன். இன்னொருவன் என் சடையைப் பிடித்து மண்ணில் தள்ளினான். வாய் முழுக்கப் புழுதி. அப்பா எழுந்து கோடாலியை வாங்கிக்கொண்டார். “அவள வுட்டுடுங்க, வர்றேன்” என்றார்.

பரீட்சைப் பையை எடுத்துக்கொண்டு பின்னாலேயே போனேன். மரத்தடியில் நின்று அப்பா கை வைத்தார். உதடு அசைந்தது.

“மரத்துக்கிட்ட இன்னாடா பேச்சு?” என்று அவர் இடுப்பில் ஒருவன் உதைத்தான். அப்பா மரத்தைப் பிடித்துக்கொண்டு, சொல்லவேண்டியதைச் சொல்லி முடித்துவிட்டுத்தான் கோடாலியை ஓங்கினார்.

ஒன்றரை மணி நேரம் வெட்டினார். ஒவ்வொரு ஓங்கலுக்கும் காது ரத்தம் சட்டையில் தெறித்தது. மரம் ரோட்டை அடைத்து விழவும் முதல் பஸ் வரவும் சரியாக இருந்தது. ஐம்பது அறுபது பேர் கரும்புத் தோட்டத்திலிருந்து வந்து கல் எறிந்தார்கள். முன்கண்ணாடி நொறுங்கி டிரைவரின் நெற்றி பிளந்தது. உள்ளே ஒரு குழந்தை வீறிட்டது. அதற்குள் பஸ்ஸுக்குப் பின்னால் போலீஸ் வேன் வந்துவிட்டது.

வெள்ளைச் சட்டைகள் ஒரே நிமிஷத்தில் கரும்புக்குள் காணாமல் போயின. நான் கூப்பிட்டேன். “யப்பா, ஓடியா! யப்பா!”

அப்பா ஓடவில்லை. விழுந்த மரத்தின் பக்கம் போய் ஒரு கிளையை ஒடித்தார். அதை அடிக்கட்டையில் வைக்கக் குனிந்தார். முதல் லத்தி முதுகில் விழுந்தது. கிளையை வைத்துவிட்டுத்தான் அவர் விழுந்தார். மூன்று பேர் சுற்றி நின்று அடித்தார்கள். வலது முழங்கையில் ஒரு அடி விழுந்தபோது எலும்பு முறிந்த சத்தம் எனக்கே கேட்டது. வேனுக்குள் இழுத்துப் போட்டபோது தலையை மட்டும் திருப்பி, “நீ போ! போய் எழுது!” என்று கத்தினார்.

போனேன். அதற்காக என்னை நானே எத்தனையோ முறை திட்டிக்கொண்டிருக்கிறேன். வேனுக்குப் பின்னால் ஓடியிருக்க வேண்டும். ஆனால் நடந்தேன். நாலு மணி நேரத்துக்கும் மேல். வழியெல்லாம் மரங்கள், எரியும் டயர்கள். கிளைகளுக்குள் குனிந்தும் ஏறியும் போனதில் தாவணி கிழிந்தது. தேர்வு மையத்தில் பாதி பெஞ்சுகள் காலி. கண்காணிப்பாளர் என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தண்ணீர் கொடுத்தார்.

இங்கிலாந்து அரசனின் மரண தண்டனைக்கான காரணங்களை விவரி என்று கேட்டிருந்தார்கள். காரணங்களை எழுதினேன். பிறகு, கேட்காததையும் ஒரு பக்கம் எழுதினேன். குளிரில் நடுங்கினால் பயந்ததாக நினைப்பார்கள் என்று அரசன் இரண்டு சட்டை போட்டு வந்தான். வெட்டியவன் முகமூடி போட்டிருந்தான். ஒரே வெட்டு. அப்பாவுக்கு அதுவரைதான் படித்துக் காட்டியிருந்தேன். அவன் யார் என்று கடைசிவரை உறுதியாகத் தெரியவில்லை. அரசனின் மகன் ஆட்சிக்கு வந்ததும் மரண உத்தரவில் கையெழுத்துப் போட்டவர்களைத் தேடிப் பிடித்துக் கொன்றார்கள். அவர்களில் தலைவன் முன்பே செத்துப் போயிருந்தான். அவன் பிணத்தையும் தோண்டி எடுத்துத் தொங்கவிட்டு, தலையை வெட்டிக் கம்பத்தில் குத்தி வைத்தார்கள். இதை எழுதும்போது அந்த நிலக்காரர் மகனின் தலையைத்தான் அந்தக் கம்பத்தில் பார்த்தேன். வெட்கமில்லாமல் சொல்கிறேன், ஆசையாக இருந்தது.

நான் பாஸ் செய்தேன். பிற்பாடு முப்பது வருஷம் வரலாறு நடத்தினேன். போராடியவர்களுக்கும் இட ஒதுக்கீட்டில் பங்கு கிடைத்தது. அந்த நிலக்காரர் மகன் சர்க்கார் வேலைக்குப் போய் ஓய்வும் பெற்றுவிட்டான். அப்பாவின் வலது கை அதற்குப்பிறகு மடங்கவில்லை. மரம் வெட்டிய வழக்கில் பிடிபட்டது அவர் ஒருவர்தான். யார் சொல்லி வெட்டினாய் என்று கோர்ட்டில் கேட்டபோது, “நான்தாங்க வெட்டினேன்” என்பதற்குமேல் அவர் வாய் திறக்கவில்லை. பேரைச் சொன்னால் காலனிக்குத் தீ வைத்துவிடுவார்கள் என்று அவருக்குத் தெரியும்.

பரீட்சைக்கு அடுத்த வாரம் நான் பார்க்கப் போனபோது, சப் ஜெயிலில் கம்பிக்கு அந்தப் பக்கம், மூங்கில் பத்தை வைத்துக் கட்டிய கையோடு வந்து நின்றார். வீட்டைப் பற்றிக் கேட்கவில்லை.

“எழுதினியா?”

“எழுதினேம்பா.”

“ராஜா கேள்வி வந்துச்சா?”

“வந்துச்சு.”

“அந்த மொகமூடிக்காரன புடிச்சாங்களா?”

“இல்லப்பா. வெட்டச் சொல்லிக் கையெழுத்துப் போட்டவங்களத்தான் தேடித் தேடிப் புடிச்சாங்க.”

அப்பா வீங்கிய உதட்டோடு சிரித்தார்.

“போம்மா. அப்பிடில்லாம் எந்த ஊர்லயும் நடக்காது.”