மெஷினுக்கு ஊட்டும் வேலை

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் நான் ஓட்டும் மெஷினுக்கு மெமரி மிகச் சின்னது. மோல்டு என்கிற இரும்பு அச்சு ஒன்றின் முகத்தைச் சீவி முடிக்கும் புரோகிராமோ லட்சக்கணக்கான வரி. மொத்தமாக உள்ளே போகாது. பக்கத்தில் லேப்டாப்பை வைத்து, கேபிள் வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாக ஊட்ட வேண்டும். மெஷின் ஒரு வாய் வாங்கும், வெட்டும், அடுத்த வாய் கேட்கும். மெமரியைக் கூட்டிக் கொடுங்கள் என்று கேட்டு அலுத்துவிட்டது. கம்பெனி வாசலில் புல்லுக்குத் தண்ணீர் ஊற்றத் தனி ஆள் இருக்கிறார். எங்களுக்குக் கொடுத்தது பேட்டரி செத்த லேப்டாப். பிளக்கைப் பிடுங்கினால் அணைந்துவிடும்.

போன கோடையில் ஒரு பெரிய மோல்டு வந்தது. ஏற்றும்போது சூப்பர்வைசர் சொன்னார்: "இது மட்டும் முகத்துல ஒரு கோடு, குழி விழாம போச்சுன்னா உன் பேரை பர்மனென்ட்டுக்கு எழுதுறேன்பா."

நான் பல வருஷமாக கான்ட்ராக்ட். அன்று காலையிலிருந்து ஸ்டூலை விட்டு எழவில்லை. மூத்திரத்தைக்கூட அடக்கிக்கொண்டேன்.

பக்கத்து மெஷின்காரருக்கு ஊர் எளாவூர், என்னைவிட மூத்தவர். தகர ஷெட்டுக்குள் நான் வியர்வையில் ஊறுவதைப் பார்த்து, எங்கிருந்தோ டேபிள் ஃபேனைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

"இன்னா நைனா, இட்லி மாதிரி வெந்துகினு குந்திகினுகீற? காத்து வாங்கு."

நான் இரும்பை வெட்டும் டூலை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. என் முதுகுக்குப் பின்னால் இருந்தது ஒரே ஒரு பிளக் பாயின்ட். அதில் இருந்ததைப் பிடுங்கிவிட்டு ஃபேனைச் சொருகினார்.

காற்று வந்தது. லேப்டாப் அணைந்தது. மெஷின் கைவசம் இருந்த வரிகளை வெட்டிவிட்டு டூல் நின்றது. நகர்வதுதான் நின்றது, சுற்றுவது நிற்கவில்லை. ஒரே இடத்தில் இரும்பைத் தேய்த்தது. நான் பாய்ந்து தூக்குவதற்குள் குழி விழுந்துவிட்டது.

"பேட்டரியில ஓடும்னு நெனச்சேன் நைனா," என்றார். முகம் செத்துப்போயிருந்தது.

லேப்டாப்பைக் கிளப்பி, நின்ற இடத்துக்குக் கொஞ்சம் முன்னாலிருந்து மறுபடி ஊட்டினேன். மீதி முழுக்கச் சுத்தமாக வந்தது. வந்து என்ன?

சூப்பர்வைசர் மோல்டின் மேல் நகத்தை ஓட்டினார். குழியில் மாட்டியது. மறுபடி ஓட்டினார். மறுபடி மாட்டியது.

"நான்தான் சார் பிளக்கைப் புடுங்கினேன். அவன் மேல தப்பு இல்ல," என்றார் எளாவூர்க்காரர்.

"யாரு புடுங்கினதுன்னு உன்னைக் கேட்டனா? மோல்டு யாரு கையில இருந்துச்சு?" என்னைப் பார்த்தார். "பர்மனென்ட்டு அடுத்த தடவை பாக்கலாம். அடுத்த இரும்புக் கட்டையை ஏத்து."

ஏற்றினேன். எனக்குக் கோபம் சீக்கிரம் வரும், கெட்ட வார்த்தையோடு வரும். அன்று வரவில்லை. கேன்டீன் சாம்பாரில் உப்பு இருந்ததா என்று தெரியவில்லை. எளாவூர்க்காரர் எதிரே உட்கார்ந்து சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார்.

"திட்டிடு நைனா. மனசுல வச்சிக்காத."

"திட்ட ஒண்ணும் இல்லண்ணா. சாப்புடு."

அவரைத் தேற்றுவதற்காகச் சொல்லவில்லை. உள்ளே தேடிப் பார்த்தேன். ஒன்றும் இல்லை.