சிஸ்டரின் கால்கள்

ஜார்ஜ்டவுனில் நான் படித்த கான்வென்ட் இப்போது மியூசியம். சுற்றிக் காட்டிய பெண், கன்னியாஸ்திரி உடுப்பு மாட்டிய ஒரு பொம்மையின் முன்னால் நின்று வரலாறு சொன்னாள். எனக்கு அது காதில் ஏறவில்லை. தரையைத் தொடும் அந்த அங்கியின் விளிம்பையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் சிஸ்டர் நடந்து வரும் சத்தமே கேட்காது. நாங்கள் கதை பேசி முடிப்பதற்குள் பின்னால் நிற்பார்.

"அவங்களுக்குக் கால் இல்லடி, சக்கரம்," என்பாள் என் தோழி ரஹ்மத். நான் ஒத்துக்கொள்ளவே மாட்டேன். ஜெபிக்க மண்டியிடும்போது பார்த்துவிடலாம் என்று ஒருநாள் இருவரும் சர்ச் பெஞ்சுக்கடியில் ஒளிந்தோம்.

"என்ன தேடுறீங்க?" பின்னாலிருந்து சிஸ்டரின் குரல்.

"உங்க கால, சிஸ்டர்," என்றாள் பொய் சொல்லத் தெரியாத ரஹ்மத்.

அன்று மாலை முழுக்க முட்டி போட்டோம். "பாத்தியா, இப்பவும் சத்தமே இல்ல," என்று அவள் முணுமுணுத்துக்கொண்டே இருந்தாள்.

மெல்லக் குனிந்து பொம்மையின் அங்கியைத் தூக்கினேன்.

"அக்கா, தொடாதீங்க லா," என்றாள் அந்தப் பெண்.

உள்ளே ஓர் இரும்புக் கம்பி. அதன் அடியில் நான்கு சக்கரங்கள்.

படம் எடுத்து செபராங் ஜெயாவில் இருக்கும் ரஹ்மத்துக்கு அனுப்பினேன். உடனே பதில் வந்தது.

"அப்பவே சொன்னேன். உன்னால என் முட்டிதான் போச்சு."